கோடையில் பேண வேண்டிய ருக்ஸத்துகள்

சித்திரையின் பிற்பகுதியும் வைகாசியின் முற்பகுதியும் சேர்ந்த நாட்களை, அதாவது மே மாதம் 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் நாட்களை, நம் தமிழக மக்கள் கத்திரி வெயில் என்று அழைக்கிறார்கள். இந்தக் காலத்தில் மூன்று சோதனைகள் நம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. ஒன்று வெயில். இரண்டாவது, வெயிலின் உச்சத்தில் இடியோடும் காற்றோடும் திடீரெனக் கொட்டும் கோடை மழை. மூன்றாவது, காய்ந்து கிடக்கும் கூரையும் குப்பையும் புல்லும் பற்றிக்கொள்வதால் எழும் நெருப்பும் புகையும்.

இம்மூன்றையும் பற்றி மருத்துவர்களும் அரசாங்கத்தாரும் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். ஆனால் ஒரு முஸ்லிமுடைய வீட்டில் இதற்கு மேலும் ஒரு கேள்வி எழுகிறது. தொழுகை, ஜமாஅத், ஜும்ஆ, நோன்பு, ஹஜ்ஜு என்னும் அமல்களை இந்த ஆபத்துகளுக்கு நடுவே எவ்வாறு நிறைவேற்றுவது? எந்த இடத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டும்? எந்த இடத்தில் விலகிக்கொள்ள வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாதவர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறார். சோம்பலினால் கடமையை விட்டுவிடுகிறார். அல்லது பக்தி என்று எண்ணித் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்கிறார். முதல் தவறைப் பற்றி மிம்பர்களில் நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அந்தக் குறை நம்மிடமே இருந்தது என்பதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு கடலோர ஊர் ஒன்றில் நாம் இமாமாக இருந்தோம். அவ்வூரில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் ஐந்து வக்தும் ஜமாஅத்துக்கு வருவார். ஒரு கத்திரிக் காலத்து ஜும்ஆ பயானில், இளைஞர்களுக்கு உறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், "இந்தப் பெரியவரைப் பாருங்கள்! உச்சி வெயிலில் குடைகூட இல்லாமல் நடந்து வருகிறார். உங்களுக்கு என்ன வந்தது?" என்று அவரைச் சுட்டிக் காட்டிப் புகழ்ந்துவிட்டோம்.

அடுத்த சில நாட்களிலேயே ளுஹர் ஜமாஅத்தில் அவர் ஸஃப்பிலேயே சரிந்து விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். சிலர் "ஓதிப் பாருங்கள்" என்றார்கள். நாமும் ஓதிக்கொண்டிருந்தோம். மருந்துக் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞர்தாம் ஓடி வந்து, சட்டையைக் கழற்றி, ஹவுளின் தண்ணீரை மொண்டு மொண்டு மேலே ஊற்றி, விசிறச் சொல்லி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்தார். அல்லாஹ்வின் கிருபையால் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய நடை திரும்பவில்லை.

பார்க்கப் போனபோது அவருடைய மகன் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "ஆலிம்சா, நாங்க எத்தனையோ தடவ சொல்லிப் பார்த்தோம். பள்ளியில ஆலிம்சாவே மெச்சிச் சொன்னாங்கன்னு வாப்பா கிளம்பிப் போயிட்டாங்க. நீங்க ஒரு வார்த்த வேற மாதிரி சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க."

அந்த ஒரு வார்த்தை எது என்று தேடி நாம் மறுபடியும் கிதாபுகளைப் புரட்டினோம். மதரஸாவில் ஓதிய பாடங்கள்தாம். ஓதும்போது அவை ஒரு மனிதரின் உயிரைக் காக்கக்கூடியவை என்று தோன்றியிருக்கவில்லை.

அஸீமத்தும் ருக்ஸத்தும்

ஷரீஅத்தில் ஒரு கடமை அதன் அசல் நிலையில் இருப்பதை அஸீமத் என்றும், இடையூறு நேர்ந்தவருக்கு அதில் அளிக்கப்படும் சலுகையை ருக்ஸத் என்றும் இமாம்கள் கூறுவார்கள். ருக்ஸத் என்பது மனிதர்கள் தங்கள் வசதிக்காகக் கண்டுபிடித்துக்கொண்டதல்ல. கட்டளையிட்ட ரப்பே அதையும் அருளினான். அவன் நமக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்து ஸூரத்துல் பகராவில் நோன்பைப் பற்றிப் பேசும் இடத்திலேயே (2:185) வந்திருப்பதைக் காண்க. தன்னுடைய ருக்ஸத்துகள் எடுத்து நடக்கப்படுவதை அல்லாஹ் விரும்புகிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது.

வெயிலோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விசாரித்தார்கள். அவர் பெயர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காருவதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பு நோற்பது என்று நேர்ச்சை செய்திருக்கிறார் என்றும் தெரிவித்தார்கள். அவரைப் பேசும்படியும், நிழலில் ஒதுங்கும்படியும், உட்காரும்படியும், நோன்பை மட்டும் பூர்த்தி செய்யும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். நோன்பு இபாதத்தாக இருந்தது, அதை ஏற்றார்கள். வெயிலில் நிற்பது இபாதத்தாக இருக்கவில்லை, அதைத் தள்ளினார்கள். வெயில் தன்னளவில் நன்மையைக் கூட்டுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

மற்றொரு நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு ருக்ஸத் உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி நாயகத்துக்கு எட்டியபோது, அவரைக் கொன்றது அந்த பதில்தான் என்று கடிந்துரைத்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்வியல்லவா என்னும் கருத்தில் கண்டித்தார்கள். இருக்கும் ருக்ஸத்தை இல்லை என்று சொல்வது பேணுதல் அல்ல. அது ஓர் உயிரைப் பற்றிய குற்றம்.

வெயில்

ளுஹர் தொழுகையை அதன் ஆரம்ப வேளையில் தொழுவது சிறப்பு. ஆனால் வெப்பம் கடுமையாகும்போது அதைத் தணியவிட்டுத் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். கடும் வெப்பம் நரகின் மூச்சைச் சேர்ந்தது என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். இதற்கு இப்ராத் என்று பெயர். ஒரு பயணத்தில் முஅத்தின் ளுஹருக்கு பாங்கு சொல்ல முனைந்தபோது, மணல் மேடுகளின் நிழல் விழுவதைக் காணும் வரை அவரைப் பொறுக்கச் சொன்னார்கள் என்று அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில், வெப்பமான நாட்டில், தொலைவிலிருந்து வெயிலில் நடந்து பள்ளிக்கு வருவோரின் ஜமாஅத்துக்கு இப்ராத் சுன்னத்தாகும். சுவர்களுக்கு நிழல் விழுந்து, அந்த நிழலில் நடந்து வரும் அளவுக்குப் பிற்படுத்த வேண்டும்; வக்தின் பாதியைத் தாண்டக் கூடாது; ஜும்ஆவுக்கு இது இல்லை. ஹனஃபி மத்ஹபில், கோடைக்காலத்து ளுஹரைப் பிற்படுத்துவது தனித்துத் தொழுபவருக்கும் முஸ்தஹப்பாகும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். கோடையில் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே வருவதால் நண்பகலில் சுவருக்கு நிழலே இராது. ளுஹருடைய வக்து 12 மணியைச் சற்றே கடந்து தொடங்குகிறது. ஷாஃபிஈ கணக்குப்படி அஸர் 3¼ மணி அளவில் வருகிறது. ஆகவே ஒன்றரை மணிக்கு ஜமாஅத் வைத்தால் வக்தின் பாதிக்குள்ளும் இருக்கும். தெருவின் ஒரு ஓரமாவது நிழல் கண்டிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிழல் விழுந்தாலும் காற்றின் வெப்பம் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் உச்சத்தை அடைகிறது. ஆகவே ஜமாஅத்தைப் பிற்படுத்துவதால் மட்டும் முதியோருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. அவர்களுக்கு உரிய ருக்ஸத் வேறு. ளுஹர் வேளையின் கடும் வெப்பத்தை, ஜமாஅத்துக்கு வராமலிருப்பதற்கான உத்ருகளில் ஒன்றாகவே ஷாஃபிஈ நூல்கள் எண்ணியிருக்கின்றன. அன்றைய ளுஹரை அவர் வீட்டில் தொழலாம். வழக்கமாக ஜமாஅத்தைப் பேணி வருகிறவர் உத்ரினால் தடைபட்டால், அந்த நிய்யத்தின் நன்மையை அல்லாஹ் அவருக்குக் குறைப்பதில்லை என்று நாம் ஆதரவு வைக்கிறோம். நோயாளிக்கும் பயணிக்கும் அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த அமல் எழுதப்படும் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. வீட்டில் மனைவி மக்களைச் சேர்த்துக்கொண்டு தொழுதால் அங்கும் ஜமாஅத்தே.

கத்திரி முடிந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்து அலட்சியம் செய்வதும் ஆகாது. சென்னையில் பதிவான மிகக் கடுமையான வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். அது 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், கத்திரி கழிந்த பின்னர் வந்தது. கடலோரத்தார் இன்னொன்றும் அறிய வேண்டும். வேர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரக்காற்றில் வேர்வை உலராது. அதனால் 45 டிகிரி இல்லாமலேயே உடல் கொதித்துவிடும்.

வெப்பத் தாக்கின் அடையாளங்களை வீட்டுப் பெண்மணிகள் உட்பட எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. அப்போதே நிழலுக்கு வந்து தண்ணீர் பருகிவிட வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து. இத்தகையவரைப் பார்த்து "காற்றுக் கருப்பு" என்று தாயத்து தேடி ஓடாதீர்கள். 108க்குத் தகவல் சொல்லிவிட்டு, உடைகளைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. துஆ ஓதுவதை உதடு செய்யட்டும். தண்ணீர் ஊற்றுவதைக் கை செய்யட்டும்.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரமளான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் மே மாதத்தில் நோன்பு நோற்றோம். ரமளான் வேறு பருவத்தில் வரும் ஆண்டுகளிலும் களா நோன்பும் நஃபில் நோன்பும் கோடையில் உண்டு. வெயிலில் உழைப்பவர் இரவிலேயே நிய்யத் செய்து நோன்போடு காலையை அடைய வேண்டும். வேலையை அதிகாலைக்கோ இரவுக்கோ மாற்ற முடியுமானால் மாற்ற வேண்டும். அதற்கு மேலும் தாகம் மிகுந்து உயிருக்கோ உறுப்புக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். உயிர் போகும் நிலையில் விடுவது கடமையாகிறது. பிறகு களாச் செய்ய வேண்டும். நோற்கவே இயலாத முதியவருக்கு ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா இருக்கிறது.

தபூக்கை முன்வைத்து ஒரு கேள்வி

"தபூக் போருக்குப் புறப்பட்டபோது வெயிலில் கிளம்பாதீர்கள் என்று சொன்னவர்கள் முனாஃபிக்குகள் அல்லவா? நரக நெருப்பு இதைவிடக் கடுமையானது என்று குர்ஆன் அவர்களுக்கு விடையளித்ததே! அப்படியிருக்க நீங்கள் வெயிலை உத்ராகக் காட்டலாமா?" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஸூரத்துத் தவ்பா (9:81) கண்டிப்பது, வெயிலைச் சாக்காக வைத்துக் கடமையிலிருந்தே நழுவியவர்களை. அவர்கள் பின்தங்கிவிட்டதில் மகிழ்ச்சியும் அடைந்தார்கள். அதே ஸூராவின் 91ஆம் வசனம், பலவீனர்கள் மீதும் நோயாளிகள் மீதும் குற்றமில்லை என்று விலக்களிக்கிறது. வெயில் கடுமையாக இருந்த அதே தபூக் பயணத்தில்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள் என்று முஆத் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. ஒரே பயணத்தில் சாக்குக்குக் கண்டனமும் இருக்கிறது, சலுகைக்கு நடைமுறையும் இருக்கிறது. சாக்கு கடமையைக் கைவிடுகிறது. ருக்ஸத்தோ கடமையை வேறு வடிவில் நிறைவேற்றுகிறது. ஜமாஅத்துக்குப் போகாதவர் வீட்டில் தொழுதாரா, தூங்கினாரா என்பதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம்.

மழை

மழை ரஹ்மத். முதல் துளிகள் தம் மேனியில் படும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஆடையைச் சற்று விலக்கிக்கொண்டார்கள் என்று முஸ்லிமில் வந்துள்ளது. அதே நாயகம் (ஸல்) அவர்கள், கார்மேகமும் காற்றும் எழும்போது முகம் மாறி உள்ளும் புறமும் நடப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழை என்று மகிழ்ந்து, அதிலேயே அழிந்ததை அவர்கள் நினைத்தார்கள். ரஹ்மத்தை எதிர்பார்ப்பதும் அதன் ஆபத்தை அஞ்சுவதும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம்.

மழை கொட்டிச் சேறான ஒரு நாளில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினிடம், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்னார்கள். கேட்டவர்கள் வியப்படைந்தபோது, தம்மைவிடச் சிறந்தவர் இவ்வாறு செய்திருக்கிறார் என்று நாயகத்தைக் குறித்துச் சொல்லி, ஜும்ஆ கடமையாயினும் உங்களைச் சேற்றில் நடத்திவர விரும்பவில்லை என்று விளக்கினார்கள். கண்பார்வை குன்றிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், மழைக்காலத்தில் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடுவதால் தம்மால் தம் கூட்டத்தாரின் பள்ளிக்குப் போக முடியவில்லை என்று முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களே அவர் வீட்டுக்கு எழுந்தருளி, அவர் தொழுகைக்கென ஓர் இடத்தில் தொழுது கொடுத்தார்கள்.

ஆடை நனையும் அளவு மழை ஜமாஅத்துக்கு உத்ராகும், ஜும்ஆவுக்கும் உத்ராகும். ஜும்ஆவுக்கு வர இயலாதவர் நான்கு ரக்அத் ளுஹர் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், பள்ளியில் ஜமாஅத்தாகத் தொழுவோர் மழையின் காரணமாக அஸரை ளுஹரோடும், இஷாவை மஃரிபோடும் முற்படுத்திச் சேர்த்துத் தொழலாம். முதல் தொழுகையின் தொடக்கத்திலும், அதன் ஸலாமின்போதும், இரண்டாம் தொழுகையின் தொடக்கத்திலும் மழை பெய்துகொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் இருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி இவ்வாறு சேர்த்துத் தொழுவதில்லை. ஆகவே ஹனஃபி சகோதரர்கள் அந்தந்த வக்தில் வீட்டிலேயே தொழுதுகொள்வார்களாக.

கோடை மழையில் தண்ணீரைவிட இடிமின்னலே அதிக ஆபத்து. இடி காதில் விழுந்தால் மின்னல் தாக்கும் தொலைவில் நாம் இருக்கிறோம் என்று பொருள். தனித்து நிற்கும் மரத்தடியிலும் திறந்த மொட்டைமாடியிலும் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே புறப்படாதிருப்பது நல்லது. ஊரிலேயே உயரமான கட்டடம் பெரும்பாலும் நம் பள்ளியின் மினாராதான்; அதில் இடிதாங்கி இருக்கிறதா, அதன் கம்பி மண்ணில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று நிர்வாகிகள் பார்க்க வேண்டும். இடிக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மோதினார் வாயால் பாங்கு சொன்னால் போதும். காற்றுக்குப் பின் தெருவில் தேங்கிய நீரில் மின்கம்பி அறுந்து கிடக்கலாம். இருட்டில் சுப்ஹுக்கு வருகிறவர் இதை மறக்கக் கூடாது.

புகை

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே பற்றி எரிந்தது. செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் நெருப்பை நம்முடைய எதிரி என்று குறிப்பிட்டு, உறங்கும்போது அதை அணைத்துவிடும்படி ஏவினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக் கூடும் என்று மற்றொரு ஹதீஸில் எச்சரித்தார்கள். இன்று அகல் விளக்கு குறைந்திருக்கலாம். ஆனால் பாயின் ஓரத்தில் புகையும் கொசுவர்த்திச் சுருளும், மூடப்படாத எரிவாயு உருளையும், மின்தடை இரவில் ஏற்றிய மெழுகுவர்த்தியும் அந்தத் திரியின் வாரிசுகளே.

நெருப்பில் சிக்குவோரில் பலரைக் கொல்வது தழல் அன்று, புகைதான். மின்தடையின்போது பள்ளியின் ஜெனரேட்டரைப் பெண்கள் தொழும் அறையை ஒட்டியோ மூடிய வராந்தாவிலோ ஓட்டுவதைச் சில ஊர்களில் பார்க்கிறோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். அதைத் திறந்த வெளிக்கு மாற்றுவது நிர்வாகிகளின் அமானிதப் பொறுப்பு. வெங்காயம், பூண்டின் வாடையோடு பள்ளிக்கு வராதீர்கள் என்று தடுத்த மார்க்கம், மூச்சிரைப்பு நோயுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது கதவடைத்துச் சாம்பிராணி போடுவதை விரும்புமா?

மையவாடியில் காய்ந்த புல்லைத் தீ வைத்துக் கொளுத்துவதும் கோடையின் வழக்கமாகிவிட்டது. நெருப்பில் சுட்ட செங்கல்லைக் கபருக்குள் வைப்பதையே மக்ரூஹ் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. அப்படியிருக்கக் கபருகளின் மேலேயே நெருப்பை ஓடவிடுவது எவ்வளவு மரியாதைக் குறைவு! அந்தப் புகை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகிறது. புல்லை அரிவாளால் வெட்டி அகற்றலாம். குப்பை எரிப்பதும் அவ்வாறே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கும் பற்றி எரிந்தபோது, சுற்றிலும் வாழ்ந்த மக்கள் பல நாட்கள் மூச்சுத் திணறினார்கள். தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கு இழைக்கவும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. அண்டை வீட்டார் எம்மதத்தவரானாலும் அந்த விதி ஒன்றே. நாடாமல் தொண்டைக்குள் போன புகையினாலும் தூசியினாலும் நோன்பு முறியாது என்பதையும் தெரிந்துகொள்க.

ஹஜ்ஜு தரும் படிப்பினை

1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மினாவில் எரிவாயு அடுப்பிலிருந்து பரவிய தீ, பலத்த காற்றினால் பல்லாயிரம் கூடாரங்களை எரித்தது. 343 ஹாஜிகள் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. அதன் பின்னரே தீப்பற்றாத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் ஹரம் ஷரீஃபில் ஜூன் 17ஆம் நாள் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணமடைந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதி பெறாமல் வந்தவர்கள். தங்குமிடமும் வாகனமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் மஃபிரத் செய்வானாக! பாதையிலும் உடலிலும் சக்தி பெற்றவருக்கே ஹஜ்ஜு கடமை. அந்த நிபந்தனையைத் தாண்டிச் செல்வதைத் தியாகம் என்று நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

ஹஜ்ஜத்துல் விதாவில் நாயகம் (ஸல்) அவர்கள் கல்லெறியச் சென்றபோது, பிலால், உஸாமா (ரலி) ஆகிய இருவரில் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் வெயில் படாமல் துணியை உயர்த்தி நிழல் பிடித்தார்கள் என்று உம்முல் ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இஹ்ராம் கட்டிய ஆண் தலையை மூடலாகாது. தலையில் படாமல் குடை பிடிக்கலாம். முஸ்தலிஃபாவிலிருந்து பலவீனர்கள் இரவிலேயே புறப்பட அனுமதி உண்டு. தஷ்ரீக் நாட்களின் கல்லெறிதலை நண்பகல் சாய்ந்தவுடனேயே செய்ய வேண்டும் என்பதில்லை. வெயில் தணிந்தபின் மாலையிலும், உத்ருள்ளவர் இரவிலும் எறியலாம். இயலாத நோயாளிக்காகப் பிறர் எறியலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் வீட்டார் இந்த மஸ்அலாக்களைப் பெட்டி கட்டும்போதே எழுதி வைத்துக் கொடுப்பார்களாக.

நம் பொறுப்பு

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோடை தொடங்குமுன் ளுஹர் ஜமாஅத் நேரத்தைக் கலந்து பேசி மாற்றுங்கள். நடைபாதையில் ஓலைப் பந்தல் போடுங்கள். வாசலில் தண்ணீர்ப் பந்தல் வையுங்கள். வழிப்போக்கரும் தெருத் துப்புரவாளரும் பருகட்டும். சிறந்த தர்மம் எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன விடை தண்ணீர் என்பதே. ஜும்ஆ குத்பாவைச் சுருக்குங்கள். வெயிலில் வாசலில் அமர்ந்திருப்போரை இமாம்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முதிய தாய் தந்தையரிடம் "போகாதீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தொழுகையிலிருந்து தடுக்கிறார்கள் என்று அவர்கள் மனம் நோவார்கள். "வாப்பா, இதற்கு ருக்ஸத் இருக்கிறது, வாருங்கள், நாம் சேர்ந்து தொழுவோம்" என்று சொல்லி, வீட்டில் முஸல்லாவை விரித்து, அவர்களையே இமாமாக நிறுத்துங்கள்.

நாம் மேலே சொன்ன பெரியவரை அடுத்த கோடையில் மறுபடியும் பார்க்கச் சென்றோம். புகழ்ந்த அதே மிம்பரில் நின்று, நாம் சொன்னது பிழை என்றும், அவரைப் போன்றோருக்கு ருக்ஸத் உண்டு என்றும் அறிவித்துவிட்டதாக அவரிடம் கூறினோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் வரலாமல்லவா?" என்று கேட்டார். "தாராளமாக வாருங்கள்" என்றோம். அன்று மாலையே மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கட்டளையையும் சலுகையையும் ஒருசேர அருளிய வல்ல ரஹ்மான், அவற்றை உரிய இடத்தில் அறிந்து நடக்கவும், அறிந்ததை மறைக்காமல் எடுத்துச் சொல்லவும் நம் எல்லாருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! வெயிலிலும் மழையிலும் நெருப்பிலும் நம் மக்களைக் காப்பானாக! ஆமீன்.